வெர்மான்ட் கிராமங்கள் தம் படைவீரர்களைத் தாங்கிய விதம், 1861–1865: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'வடக்கு', 'உள்நாட்டுப் போர்' என்ற இரு சொற்களையும் சேர்த்துக் கேட்டவுடன் தமிழ் வாசகரின் மனம் வேறொரு மண்ணுக்குப் போய்விடும். இங்கே பேசப்படுவது 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த போர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களுக்கு எதிராக ஒன்றியத்தின் பக்கம் நின்ற வட மாநிலங்களில், பெரும்பாலும் சிற்றூர்களே நிறைந்த வெர்மான்ட், தான் அனுப்பிய ஆட்களை எப்படிப் பேணியது என்பதே இப்பக்கத்தின் பொருள். தளபதிகளையும் போர்க்களங்களையும் பற்றிய செய்திகள் எளிதில் கிடைப்பதால், இங்கே ஊர்க்கணக்கு, காலுறை, பார்சல் பெட்டி, கடிதம் ஆகியவற்றுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

வட மாநிலங்கள் பல இருக்க, வெர்மான்டை எடுத்துக்கொண்டது ஏன்?

கிராமப்புற வடக்கு என்று சொல்லத்தக்க மாநிலங்களில் இது மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 3,15,000 பேர் வாழ்ந்தார்கள். மாநிலத்தின் மிகப்பெரிய ஊரான பர்லிங்டனிலேயே எண்ணாயிரம் பேர் இல்லை. மற்றவர்கள் மலைச்சரிவுகளில் மெரினோ ஆடுகளையும் கறவை மாடுகளையும் வளர்த்து, வைக்கோல் அறுத்து, வசந்தத் தொடக்கத்தில் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுத்து வாழ்ந்த குடும்பங்கள். 1777லேயே, சட்டத்தில் ஓட்டைகள் இருந்தாலும், வயதுவந்தோரை அடிமையாக வைத்திருப்பதைத் தன் அரசமைப்பில் தடை செய்தது வெர்மான்ட்; அப்போது அது தனி நாடு. 1860 தேர்தலில் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் லிங்கனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இத்தனை சிறிய மாநிலத்திலிருந்து 34,000 பேர் வரை படைக்குச் சென்றார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆண், பெண், குழந்தை என எல்லோரையும் சேர்த்து எண்ணினாலும் ஒன்பது பேருக்கு ஒருவர் சீருடை அணிந்தார் என்று பொருள். ஆகவே, போர் என்பது அங்கே செய்தித்தாளில் படிக்கும் செய்தியாக இருக்கவில்லை.

படை எப்படித் திரட்டப்பட்டது? ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பிரிவில் இருந்தது உண்மையா?

உண்மை. நூறு பேர் கொண்ட கம்பெனி ஒன்று, அடுத்தடுத்துள்ள மூன்று நான்கு ஊர்களிலிருந்து திரட்டப்பட்டது. ஆட்களைத் திரட்டுபவர் உள்ளூர் வழக்கறிஞராகவோ, பள்ளி ஆசிரியராகவோ, கடைக்காரராகவோ இருந்தார். தொடக்க ஆண்டுகளில் கம்பெனியின் அதிகாரிகளை வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பத்துக் கம்பெனிகள் சேர்ந்தது ரெஜிமென்ட். செயின்ட் ஜான்ஸ்பரி, பிராட்டில்போரோ போன்ற ஊர்களின் திடல்களில் அவை கூடிப் பயிற்சி பெற்று, ரயிலேறித் தெற்கே சென்றன. அதனால் பாசறையில் பக்கத்துக் கூடாரத்தில் படுத்திருப்பவன் அண்ணனாகவோ, மச்சானாகவோ, பள்ளியில் உடன் படித்தவனாகவோ இருந்தான்.

இப்பக்கத்தில் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடே அடிப்படை. ஊரார் 'படைக்கு' உதவவில்லை. இடம் பெயர்ந்திருந்த தங்கள் ஊரின் ஒரு பகுதிக்கு உதவினார்கள். அவர்கள் காட்டிய தாராளம், பிடிவாதம், சிலசமயம் தெரிந்த குறுகிய மனப்பான்மை ஆகிய மூன்றும் அங்கிருந்தே வந்தன.

வீரரின் குடும்பம் எதைக் கொண்டு வாழ்ந்தது?

ஒன்றிய அரசு சாதாரணப் படைவீரருக்கு அளித்த சம்பளம் போரின் பெரும்பகுதியில் மாதம் 13 டாலர். 1864ல் அது 16 ஆனது. போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதல் நடந்த இரு வாரங்களுக்குள், 1861 ஏப்ரல் இறுதியில் கூடிய வெர்மான்ட் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம், போர்ச் செலவுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியதோடு, தன் வீரர் ஒவ்வொருவருக்கும் மாநிலத்தின் சார்பில் மாதம் 7 டாலர் கூடுதலாகத் தருவதென்றும் முடிவு செய்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் எராஸ்டஸ் ஃபேர்பாங்க்ஸ். செயின்ட் ஜான்ஸ்பரியில் தராசு செய்து உலகெங்கும் விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். எடை போட்டுப் பழகிய கை என்று விளையாட்டாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஏழு டாலர் விளையாட்டல்ல. ஒன்றிய அரசின் சம்பளப் பட்டுவாடா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டியது, நான்கு மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போன காலத்தில், வீட்டில் மாவு மூட்டை வாங்கும் பணம் பெரும்பாலும் இதுவாகவே இருந்தது.

பாசறையில் கிடைத்த சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு சிக்கல். சீட்டாட்டமும், பாசறையை ஒட்டிக் கடை விரித்த வியாபாரிகளும் பாதியை விழுங்கிவிடும் என்று ஊரில் இருந்தவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிடித்து நேரே குடும்பத்துக்கு அனுப்பும் முறைக்கு 1861 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட்டின் தந்தை அதற்காக வாஷிங்டனில் அலைந்தவர்களில் ஒருவர். ஆனாலும் கிராமத்து வீரர்கள் பலர் நம்பியது பழைய வழியைத்தான்: ஊருக்குத் திரும்பும் நோயாளியிடமோ, பார்க்க வந்த பாதிரியாரிடமோ நோட்டுகளைக் கொடுத்து, இன்னாரிடம் சேர்க்கச் சொல்வது.

சேர்க்கைப் பணம் என்றால் என்ன? அதை ஏன் ஊர் கொடுத்தது?

படையில் சேர்பவருக்கு மொத்தமாகத் தரப்பட்ட ஊக்கத்தொகையே சேர்க்கைப் பணம். ஒன்றிய அரசு முதலிலிருந்தே நூறு டாலர் அறிவித்திருந்தது. 1862 கோடையில் லிங்கன் மூன்று லட்சம் பேரையும், உடனே அடுத்து ஒன்பது மாதப் பணிக்கு இன்னொரு மூன்று லட்சம் பேரையும் கேட்டபோது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன்வழி ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை ஆள் என்று பங்கு பிரிக்கப்பட்டது. பங்கு நிரம்பாவிட்டால் கட்டாய ஆள்சேர்ப்பு வரும் என்ற அச்சத்தில் ஊர்கள் தாமே பணம் கொடுக்கத் தொடங்கின.

அதை முடிவு செய்த இடம் ஊர்க்கூட்டம். வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊர்க்கூட்டம் என்பது பெயரளவில் நடக்கும் சடங்கு அல்ல. வாக்குரிமை பெற்ற ஆண்கள் கூடி, சாலை பழுதுபார்ப்பது முதல் பள்ளி ஆசிரியரின் ஊதியம் வரை வரி போட்டுத் தீர்மானிக்கும் சபை. வழக்கமாக மார்ச்சில் கூடும் அந்தச் சபை போர் ஆண்டுகளில் நடுவேனிலிலும் நடுக்குளிரிலும் சிறப்பாகக் கூட்டப்பட்டது. நிலம், வீடு, கால்நடை ஆகியவற்றை மதிப்பிட்டு எழுதிய சொத்துப் பட்டியலின்மேல் டாலருக்கு இத்தனை சென்ட் என்று வரி விதிக்கப்பட்டது. போதாதபோது ஊர் கடன் வாங்கியது. நூறு டாலர் அளவில் தொடங்கிய தொகை 1864ல் பல ஊர்களில் பல நூறு டாலராக ஏறியது. ஒரே ஆள் எந்த ஊரின் கணக்கில் எழுதப்படுவான் என்பதில் பக்கத்து ஊர்கள் சண்டையிட்டுக்கொண்டன. பணக்கார ஊர் ஏழை ஊரின் பையனைத் தன் கணக்கில் வாங்கிக்கொண்டதும் உண்டு.

இதைக் கொடையென்பதா, கூலியென்பதா என்று கேட்கலாம். இரண்டும்தான் என்பது என் கருத்து. 1861ல் ஏழு டாலருக்கு வாக்களித்தவர்களுக்கும் 1864ல் ஐந்நூறு டாலருக்கு வாக்களித்தவர்களுக்கும் மனநிலை ஒன்றாக இருந்திருக்க முடியாது. பின்னவர்கள் பலர் தங்களுக்குப் பதிலாக வேறொருவன் போகட்டும் என்று கையை உயர்த்தியவர்கள். முதல் ஆண்டில் ஒன்றும் வாங்காமல் சென்றவன், மூன்றாண்டு கழித்து வந்து சேர்ந்த புதியவன் வாங்கிய தொகையைக் கேட்டு எரிச்சலடைந்ததும் வியப்பல்ல. அந்த எரிச்சலைத் தணிக்கவே, 1863–64 குளிர்காலத்தில் மீண்டும் பதிவு செய்துகொண்ட பழைய வீரர்களுக்கு 400 டாலருக்கும் மேற்பட்ட ஒன்றியத் தொகையும் முப்பது நாள் விடுப்பும் அளிக்கப்பட்டன. அந்த விடுப்பில் ஊர் வந்தவர்களுக்கு தேவாலயத்தில் விருந்து வைத்து அனுப்பினார்கள்.

பெண்கள் என்ன செய்தார்கள்?

முதல் வாரத்தில் அவர்கள் செய்தது தையல். சீருடைக்கு மாநிலத்திடம் ஆயத்தம் இல்லாததால், தேவாலயக் கூடத்திலும் வீட்டு முன்னறையிலும் கூடிச் சட்டையும் உள்ளாடையும் தைத்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் படைவீரர் உதவிச் சங்கம் அமைந்தது. தலைவி, செயலாளர், பொருளாளர், சிறு சந்தா, வாரம் ஒருநாள் கூட்டம், யார் எத்தனை இணை காலுறை கொடுத்தார் என்று எழுதும் நோட்டு ஆகியவற்றைக் கொண்ட அந்த அமைப்பு, வாக்குரிமை இல்லாத பெண்கள் தாமே நடத்திய நிர்வாகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாம் பயனுள்ளதாக இருந்ததா என்றால், இல்லை. முதல் கோடையில் வடக்கெங்கும், தொப்பியிலிருந்து பிடரியை மூடித் தொங்கும் வெள்ளைத் துணியை ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்பினார்கள். வீரர்கள் அதில் காப்பி வடிகட்டினார்கள். பழைய லினன் துணியைக் கத்தியால் சுரண்டிப் பஞ்சாக்கிக் காயத்தில் வைக்க அனுப்பும் வேலை பள்ளிப் பிள்ளைகளிடம் விடப்பட்டது. கிருமி பற்றிய அறிவு பரவாத காலம் அது, அந்தப் பஞ்சு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்திருக்கக் கூடும்.

கம்பளிக் காலுறை மட்டும் ஒருநாளும் வீண்போகவில்லை. அரசு ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த காலுறை சில நாள் நடையில் கிழிந்தபோது, தன் ஆட்டு மயிரைத் தானே நூற்றுப் பின்னிய மூதாட்டியின் காலுறை ஒரு குளிர்காலம் தாங்கியது. கையுறையிலும் ஒரு நுட்பம் கண்டார்கள்: பெருவிரலோடு சுட்டுவிரலும் தனியே நிற்கும்படி பின்னினால், கையுறையைக் கழற்றாமலே துப்பாக்கியின் விசையை இழுக்கலாம். ஊசியைப் பிடித்தபடி அதன் பயனையும் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்; கனிவும் கொலைக்கருவியும் அந்தச் சிறு பொருளில் ஒன்றாகவே பின்னப்பட்டிருந்தன.

சிலர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். குளோவர் என்ற ஊரைச் சேர்ந்த அமாண்டா ஃபார்ன்ஹம், தன் சிறு மகனைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு, தம்பி சேர்ந்த மூன்றாம் வெர்மான்ட் ரெஜிமென்ட்டுடனேயே சென்று நோயாளிகளைக் கவனித்தார்.

பெட்டியில் என்ன அனுப்பினார்கள்?

வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் 'பெட்டி' என்ற சொல்லுக்குத் தனி இடம் உண்டு. ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் போன்ற பார்சல் நிறுவனங்கள் வழியாக, பல வீடுகள் சேர்ந்து ஒரே மரப்பெட்டியில் அனுப்புவது வழக்கம். உலர்த்திய ஆப்பிள், பாலாடைக்கட்டி, வெண்ணெய், ஊறுகாய், வெங்காயம், காலுறை, தபால்தலை, உள்ளூர்ச் செய்தித்தாள், வயிற்றுப்போக்குக்கு நல்லதென்று நம்பப்பட்ட பிளாக்பெரிச் சாறு ஆகியவை அதில் இருக்கும்.

வெர்மான்ட் பெட்டிக்கே உரியது மேப்பிள் வெல்லம். பனையில் பதநீர் இறக்கிக் காய்ச்சுவதை அறிந்த நமக்கு இந்த வேலை விளங்கும்: பிப்ரவரி, மார்ச்சில் இரவு உறைந்து பகல் இளகும் நாள்களில் மரத்தில் துளையிட்டு, சொட்டும் சாற்றை நாள் முழுதும் கொதிக்க வைத்து, ஏறத்தாழ நாற்பது பங்கு சாறு ஒரு பங்கு பாகாகச் சுண்டிய பின்னும் காய்ச்சிக் கட்டியாக்க வேண்டும். கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் வந்தது, மேப்பிள் வெல்லம் அப்படியல்ல என்று போருக்கு முன்பே அடிமை முறை எதிர்ப்பாளர்கள் சொல்லி வந்தார்கள். பாசறையில் அந்தக் கட்டியைக் கடித்த பையனுக்கு இவ்வளவும் நினைவில் வந்திருக்கும் என்று நான் எண்ணவில்லை. காய்ச்சும் கொட்டகையின் புகை நினைவுக்கு வந்திருக்கும்.

பெட்டி தாமதமானால் வறுத்த கோழி அழுகியது. ஊறுகாய்க் குப்பி உடைந்து காலுறையில் ஊறியது. இப்படிக் கெட்டுப்போன பெட்டிகளைப் பார்த்தவர்கள், தனிப்பெட்டி அனுப்புவதை விட்டுப் பொதுவில் சேர்த்து அனுப்புங்கள் என்று ஊர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.

அனுப்பியவை உரியவரிடம் சேர்ந்தனவா?

இதுதான் ஊருக்கும் நாட்டுக்கும் இடையே எழுந்த வழக்கு. 1861 ஜூனில் அரசின் ஒப்புதலோடு படைவீரர் நலனுக்கான சானிட்டரி கமிஷன் என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. ஹென்றி பெல்லோஸ் அதன் தலைவர். நியூயார்க் மத்தியப் பூங்காவை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் அதன் செயலாளர். ஊர்ச் சங்கங்கள் தனித்தனியே தம் பிள்ளைகளுக்கு அனுப்பினால் ஒரு ரெஜிமென்ட் திகட்டவும் இன்னொன்று பட்டினி கிடக்கவும் நேரும். ஆகவே எல்லாவற்றையும் கிடங்கில் சேர்த்துத் தேவைப்படும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது கமிஷனின் வாதம். மருத்துவமனைக் கட்டிலுக்கேற்ற மெத்தைப்போர்வை ஏழடி நீளமும் நாலடிக்குச் சற்று மேற்பட்ட அகலமும் இருக்க வேண்டும் என்று அளவுகூடச் சொல்லி அனுப்பினார்கள்.

வாதம் சரியானது. ஆனால் தன் மகனின் பாத அளவை மனத்தில் வைத்துப் பின்னிய தாய், அதை முகமறியாத ஒருவனுக்குக் கொடுக்க மனம் ஒப்ப வேண்டுமே. ஜெல்லியை மருத்துவர்களே தின்கிறார்கள், போர்வையைக் காசுக்கு விற்கிறார்கள் என்ற பேச்சு ஊர்தோறும் பரவியது; கமிஷன் கடைசிவரை அதை மறுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பெண்கள் பலர் கண்ட சமரசம் எளியது: பொருளைப் பொதுக் கிடங்குக்கு அனுப்பினார்கள், காலுறைக்குள் மட்டும் தன் பெயரும் ஊரும் எழுதிய சீட்டை மடித்து வைத்தார்கள். யாருக்கோ போன சீட்டுக்கு யாரிடமிருந்தோ நன்றிக் கடிதம் வந்தது.

மேற்கே இல்லினாயில் இதே முயற்சி வேறு வடிவம் எடுத்தது. 1863 இலையுதிர் காலத்தில் மேரி லிவர்மோரும் ஜேன் ஹோகும் கமிஷனுக்குப் பணம் திரட்டச் சிகாகோவில் நடத்திய பெருங்கண்காட்சிக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றிய பண்ணை வண்டிகள் ஊர்வலமாக வந்தன; அடிமை விடுதலைப் பிரகடனத்துக்காக லிங்கன் தம் கையால் எழுதிய படி அங்கே 3,000 டாலருக்கு விலைபோனது. வெங்காயம் அற்பப் பொருளன்று; உப்புக் கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்ற படைக்கு, காய்கறி இல்லாத உணவால் வரும் ஸ்கர்வி நோய் வராமல் காத்தவற்றுள் அதுவும் ஒன்று.

ஆண்கள் போன பின் பண்ணை வேலையை யார் செய்தார்கள்?

பெண்கள், முதியவர்கள், பன்னிரண்டு வயதுப் பையன்கள். குதிரை இழுக்கும் புல்வெட்டி இயந்திரம் போருக்கு முன்பே வந்திருந்தது; ஆள் பஞ்சம் அதன் விற்பனையைப் பெருக்கியது. பால் கறப்பதும் வெண்ணெய் கடைவதும் முன்பே பெண்களின் வேலைகள்; இப்போது வைக்கோல் போரும், ஆடு விற்பனையும், வரி கட்டுவதும் அவர்கள் தலையில் விழுந்தன. கம்பளி விலை ஏறியது மட்டுமே சற்று ஆறுதல். தென் மாநிலப் பருத்தி வராமல் போனதால் ஏற்பட்ட அதே தட்டுப்பாடுதான், உலகின் மறுபக்கத்தில் திருநெல்வேலிச் சீமைப் பருத்தியின் விலையையும் அந்த ஆண்டுகளில் உயர்த்தியது.

கடிதங்களுக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

கடிதம் வழியாகத்தான் கணவன் பண்ணையை நடத்தினான். எந்தக் கிடாரியை விற்பது, எப்போது மயிர் கத்தரிப்பது, பக்கத்து நிலத்துக்காரரிடம் வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று எழுதினான். முதல் ஆண்டில் கட்டளையாக இருந்த வரிகள், மூன்றாம் ஆண்டில் 'உனக்குச் சரியென்று பட்டபடி செய்' என்று மாறுவதைப் பல குடும்பங்களின் கடிதக்கட்டுகளில் காணலாம். தபால்தலை கிடைக்காத வீரர்கள் உறையின்மேல் படைவீரர் கடிதம் என்று எழுதிக் கட்டணமின்றி அனுப்பவும், பெறுபவர் மூன்று சென்ட் கட்டி வாங்கிக்கொள்ளவும் 1861 ஜூலையிலேயே சட்டம் இடம் தந்தது.

கடிதம் ஒரு வீட்டுக்கு வந்தாலும் ஊருக்கே வந்ததாகப் பொருள். அஞ்சல் நிலையமாகவும் இருந்த கடையில் அது சத்தமாகப் படிக்கப்பட்டது. நன்றாக எழுதப்பட்டிருந்தால் உள்ளூர்ச் செய்தித்தாளில் அச்சேறியது. படைத்தணிக்கை பெரும்பாலும் இல்லாததால் உண்மைகள் தடையின்றி வந்தன. யார் குடித்தான், யார் ஓடினான், யார் காயப்பட்டவனைச் சுமந்து வந்தான் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊரின் அன்பைப் போலவே ஊரின் கண்ணும் பாசறைவரை நீண்டிருந்தது. குண்டு மழையில் நின்றவர்களில் சிலர் அந்தக் கண்ணுக்கு அஞ்சியே நின்றிருப்பார்கள்.

நோயுற்றவர்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் ஊர் என்ன செய்ய முடிந்தது?

ஒன்றியப் படையில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது நோய். கிராமத்துப் பையன்கள் இதில் அதிகம் அடிபட்டார்கள். நெரிசலான நகரத்தில் வளர்ந்தவன் சிறுவயதிலேயே தாண்டிவிட்ட தட்டம்மை, தனித்த பண்ணையில் வளர்ந்தவனைப் பாசறையில்தான் முதல்முறை பிடித்தது. வர்ஜீனியாவின் கிரிஃபின் பாசறையில் 1861–62 குளிர்காலத்தைக் கழித்த வெர்மான்ட் பிரிகேட் (பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த படைப்பிரிவு), ஒரு பெரும் போரைப் பார்க்கும் முன்பே காய்ச்சலுக்கும் அம்மைக்கும் ஆட்களைப் பறிகொடுத்தது. செய்தி எட்டியதும் தந்தையர் ரயிலேறிச் சென்று மகன்களைத் தேடினார்கள்.

இந்த நிலையில் ஆளுநர் ஃபிரெடெரிக் ஹோல்புரூக் எடுத்த முயற்சியே, அரசளவில் ஊர் செய்த உதவிகளில் சிறந்தது என்று சொல்வேன். வெர்மான்ட் வீரர்களை வெர்மான்டிலேயே வைத்து மருத்துவம் பார்க்க வேண்டும் என்று அவர் வாஷிங்டன் சென்று வாதிட்டார். பயணத்திலேயே இறந்துவிடுவார்கள், வீட்டருகே விட்டால் திரும்பி வர மாட்டார்கள் என்று தடை சொன்னார்கள். ஹோல்புரூக் விடவில்லை. பிராட்டில்போரோவில், ரெஜிமென்ட்டுகள் புறப்பட்டுச் சென்ற அதே திடலின் கட்டடங்கள் 1863ல் மருத்துவமனையாயின. பர்லிங்டன், மான்ட்பிலியர் ஊர்களிலும் படை மருத்துவமனைகள் இயங்கின. குளிர்ந்த மலைக்காற்றும் வீட்டுப் பாலும், வண்டி கட்டிப் பார்க்க வரும் உறவினரும் சேர்ந்தபோது குணமடைந்து படைக்குத் திரும்பியவர் தொகை கூடியது.

ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகப் போரிட்டதால் இழப்பும் ஒன்றாக வந்ததா?

வந்தது. 1862 ஜூன் 29 அன்று சாவேஜ் ஸ்டேஷன் என்ற இடத்தில் ஐந்தாம் வெர்மான்ட் ரெஜிமென்ட் அரை மணிக்கும் குறைவான நேரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. அதில் மான்செஸ்டர் ஊரில் திரட்டப்பட்ட கம்பெனியில் கம்மிங்ஸ் குடும்பத்து அண்ணன் தம்பிகள் ஐவரும், அவர்களின் உறவினர் ஒருவரும், மைத்துனர் ஒருவரும் இருந்தார்கள். எழுவரும் குண்டடி பட்டு, ஒருவர் மட்டுமே பிழைத்தார். 1864 மே 5, 6 நாள்களில் வில்டர்னஸ் காட்டுப் போரில் வெர்மான்ட் பிரிகேட் இழந்தவர்கள், கொல்லப்பட்டவர், காயமுற்றவர், காணாமல் போனவர் எல்லோருமாக, ஆயிரத்து இருநூறுக்கு மேல்.

அரசு தந்தி கொடுத்துத் தெரிவிக்கும் முறை அப்போது இல்லை. செய்தித்தாளில் பெயர்ப்பட்டியல் வரும். எழுத்துப்பிழையும் ஆள்மாறாட்டமும் அதில் மலிந்திருக்கும். உறுதியான செய்தி, கம்பெனியின் அதிகாரியோ கூடாரத் தோழனோ எழுதும் கடிதத்தில்தான் வந்தது. அவர்களும் ஊர்க்காரர்களே ஆதலால், கடைசி நேரத்தில் என்ன சொன்னான், எங்கே புதைத்தோம், எந்த மரத்தடி என்று எழுதினார்கள். வசதியுள்ள குடும்பங்கள் உடலைப் பதப்படுத்தி ரயிலில் வரவழைத்தன. மற்றவர்கள், உடல் இல்லாத கல்லை ஊர் இடுகாட்டில் நட்டு, இறந்த இடத்தை அதில் பொறித்தார்கள்.

ஊரில் எல்லோரும் போரை ஆதரித்தார்களா?

இல்லை. 1863 மார்ச்சில் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம், 300 டாலர் கட்டினால் விலக்கு என்றது. அது சாதாரணப் படைவீரரின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுச் சம்பளம். ரட்லண்ட் பகுதியில் கல் வெட்டியெடுக்கும் குழிகளில் வேலை செய்த அயர்லாந்துக்காரர்கள் பெயர் எழுத வந்த அதிகாரிகளைக் கல்லால் விரட்டினார்கள். கனடா எல்லை அருகிலிருந்தது; இரவோடிரவாகக் கடந்தவர்களும் உண்டு. அதே எல்லை வழியாக 1864 அக்டோபர் 19 அன்று தென்னவர் குழு ஒன்று புகுந்து செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் வங்கிகளைக் கொள்ளையடித்தபோது, போர் தங்கள் வாசலுக்கே வரக்கூடும் என்பதை வடகோடிக் கிராமங்கள் உணர்ந்தன.

கறுப்பின வீரர்களுக்கும் இதே ஆதரவு கிடைத்ததா?

கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வெர்மான்டில் கறுப்பின மக்கள் சில நூறு பேரே. அவர்களிலிருந்து சென்றவர்கள் பலர் மாசசூசெட்ஸின் 54ஆம் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு 13 டாலர் என்றிருக்க, இவர்களுக்கு 10 டாலர் எனக் குறித்து அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தார்கள். ஆகவே மாதக்கணக்கில் சம்பளமே வாங்க மறுத்தார்கள்; 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்கு வழிசெய்தது. ஹைன்ஸ்பர்க் ஊர் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த லவுடன் லாங்லி இந்த அநீதியைச் செய்தித்தாளுக்கு எழுதியவர். போருக்குப் பின் தென் கரோலினாவின் 1868 அரசமைப்பு மாநாட்டில் உறுப்பினராக இருந்தார். சம்பளம் மறுத்த அந்த மாதங்களில் வீட்டார் பட்ட பாட்டைத் தாங்க, வெள்ளைக் குடும்பங்களுக்கு இருந்த அளவு ஊர்ப்பலம் அவர்களுக்கு இல்லை.

போர் முடிந்ததும் ஊரின் பொறுப்பு முடிந்ததா?

ஊர்க்கடன் இருந்ததால் முடியவில்லை. போர்க்காலச் சேர்க்கைப் பணத்துக்கு வாங்கிய கடனைப் பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் அடைத்தன. இன்னொரு கடமையும் இருந்தது. 1862 ஜூலைச் சட்டத்தின்படி சாதாரணப் படைவீரரின் விதவைக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் உண்டு. அதைப் பெற, திருமணம் நடந்ததையும், குழந்தைகள் அவருடையவை என்பதையும், படையில் சேரும்போது அவர் உடல்நலத்தோடு இருந்தார் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். பதிவுகள் குறைவாக இருந்த மலையூர்களில் அதற்குச் சாட்சி அக்கம்பக்கத்தாரே. பிரசவம் பார்த்த கிழவி, சேர்ந்து வைக்கோல் அறுத்தவர், அதே கம்பெனியில் இருந்து ஒரு கை இழந்து திரும்பியவர் ஆகியோர் ஊர் எழுத்தரின் முன் வந்து சத்தியம் செய்து, எழுதத் தெரியாதவர் கீறலிட்டு, கொடுத்த வாக்குமூலங்கள் வாஷிங்டனில் உள்ள ஓய்வூதியக் கோப்புகளில் இன்றும் இருக்கின்றன. அவன் போகும்போது நல்ல திடமாக இருந்தான், நானே அவனோடு வேலை செய்தேன் என்ற பொருளில் அவற்றில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது.